மலைப்பாதையில் நிறுவன வண்டி: ஓட்டும் ஊழியரின் பொறுப்பும் காப்பீடும் – முழுமையான வழிகாட்டி

நீலகிரியில் நிறுவனத்தின் வண்டியை ஓட்டுகிறவர்களில் பலர் ஓட்டுநர் என்ற பதவியில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் அல்லர். தேயிலைத் தொழிற்சாலையின் கணக்கர் வங்கி வேலையாகக் கோத்தகிரிக்கு ஜீப்பை எடுத்துப் போவார். தங்கும் விடுதியின் வரவேற்பாளர் விருந்தினரை அழைத்துவரக் குன்னூர் ரயில் நிலையத்துக்கு வேனை இறக்குவார். ஓட்டுநர் விடுப்பில் இருக்கும் நாளில் எஸ்டேட் மேற்பார்வையாளரே கொழுந்து ஏற்றிய பிக்கப்பைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோவார். சாவியைக் கொடுக்கும் மேலாளரும் சரி, வாங்கும் ஊழியரும் சரி, அந்த நேரத்தில் எதையும் எழுதிக்கொள்வதில்லை. ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் நெடுங்காலம் வண்டிக் கோப்புகளைப் பார்த்தவன் என்ற முறையில் நான் கண்டது இது: விபத்து நடந்தபின் எதிரே வந்தவருக்கும் ஓரமாக நடந்துபோனவருக்கும் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது, ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த ஊழியருக்கோ, முன்கூட்டியே கேட்டு வாங்கி வைத்திருந்தால்தான் வழி உண்டு. ஆகவே இந்த வழிகாட்டி ஓட்டுகிறவரின் பக்கத்தில் நின்று எழுதப்படுகிறது.

முதலில்: ஒரு விபத்தில் நான்கு கணக்குகள் உண்டு

ஒரே விபத்திலிருந்து நான்கு தனித்தனிக் கணக்குகள் பிறக்கின்றன. அவற்றைக் கலந்து பேசுவதால்தான் அலுவலகங்களில் பாதிச் சண்டை வருகிறது.

முதல் கணக்கு, வெளியாருக்கு ஏற்பட்ட காயம், உயிரிழப்பு, பொருட்சேதம். நிறுவனத்தின் வேலையாக ஓட்டும்போது ஊழியர் செய்யும் கவனக்குறைவுக்கு நிறுவனமும் பொறுப்பு என்பது நெடுநாளைய சட்டக் கொள்கை. பருத்தி அரைவை நிறுவனம் ஒன்றின் மேலாளர் நிறுவனக் காரை ஓட்டிச் சென்று மரத்தில் மோதி, உடன் வந்தவர் இறந்த வழக்கில், அந்தப் பயணம் வேலையின் பகுதியாகவே நடந்தது என்று கூறி நிறுவனத்தைப் பொறுப்பாக்கியது 1977-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. ஆனால் நிறுவனம் பொறுப்பேற்பதால் ஓட்டியவர் விடுபட்டுவிடுவதில்லை. இழப்பீட்டு மனுவில் ஓட்டியவர், உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் என மூவரும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்கப்படுவதும், ஓட்டியவரின் வீட்டு முகவரிக்கே சம்மன் வருவதும் வழக்கம்.

இரண்டாம் கணக்கு குற்ற வழக்கு. இதை நிறுவனமோ காப்பீடோ வாங்கிக்கொள்ள முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவு பொதுவழியில் கண்மூடித்தனமாக ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் 106(1)-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. இரண்டும் பிணையில் வரக்கூடியவை என்றாலும், வழக்கு ஊழியரின் பெயரில்தான் நடக்கும். வழக்கறிஞர் செலவை யார் ஏற்பது என்பதை வேலைக்குச் சேரும்போதே கேட்டுவிடுவது நல்லது. பிறகு கேட்டால் அந்தக் கேள்வியே குற்றத்தை ஒப்புக்கொண்டதுபோல் பார்க்கப்படும்.

மூன்றாவது, நிறுவன வண்டிக்கு ஏற்பட்ட சேதம். நான்காவது, ஓட்டியவரின் சொந்த உடல். இந்த நான்காவதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டாவதாக: சாவிக்கு முன் பாலிசியைக் கையில் வாங்குங்கள்

டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் ஒரு ஜெராக்ஸ் இருக்கும். நம் ஊர்ப் பனியில் ஈரம் ஏறி, மடிப்பு பிய்ந்து, மேலே வண்டி எண்ணும் காலாவதித் தேதியும் மட்டும் தெரியும். போலீஸ் சோதனைக்கு அது போதும், உங்களுக்குப் போதாது. அட்டவணைப் பக்கம், பிரீமியம் பிரிவு, கீழே சிறு எழுத்தில் வரும் மேலொப்ப எண்கள் (அடிப்படைப் பாலிசியோடு சேர்த்த கூடுதல் பிரிவுகளின் எண்கள்) ஆகிய மூன்றும் உள்ள முழுப் பிரதியை அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். கைப்பேசியில் ஒரு படம் இருந்தால் மழையிலும் அழியாது.

முதலில் பார்க்கவேண்டியது, அது வெளியாரின் இழப்பை மட்டும் ஏற்கும் மூன்றாம் நபர் பாலிசியா, வண்டியின் சொந்தச் சேதத்தையும் ஏற்கும் முழுமையான பேக்கேஜ் பாலிசியா என்பது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 146-ஆம் பிரிவு கட்டாயமாக்குவது மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டுமே. அது இல்லாமல் ஓட்டினால் 196-ஆம் பிரிவின்படி முதல் முறைக்கு 2,000 ரூபாய், மறுமுறைக்கு 4,000 ரூபாய் அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கலாம். வண்டியை ஓட்டியவரும் ஓட்டச் சொன்னவரும் இருவருமே இதில் சிக்குவார்கள். 'ஆபீஸ் வண்டி சார்' என்பது பதிலாகாது. மூன்றாம் நபரின் பொருட்சேதத்துக்குக் காரில் வழக்கமான வரம்பு 7.5 லட்சம் ரூபாய். பிரீமியத்தைக் குறைப்பதற்காக அதை 6,000 ரூபாயாகச் சுருக்கிக்கொண்ட பாலிசிகளும் உண்டு. ஒரு சுற்றுலாப் பேருந்தின் முன்கண்ணாடிக்குக்கூட அந்த 6,000 போதாது.

அடுத்து, உங்கள் உடலுக்கான காப்பீடு. தனிநபர் பெயரில் உள்ள வண்டிக்கு 15 லட்சம் ரூபாய் உரிமையாளர்–ஓட்டுநர் விபத்துக் காப்பீடு கட்டாயம் என்று எல்லோரும் கேட்டிருப்போம். வண்டி நிறுவனத்தின் பெயரில் இருந்தால் அது கிடையாது, ஏனெனில் நிறுவனத்துக்கு ஓட்டுநர் உரிமம் இருக்க முடியாது. அந்த இடத்தை நிரப்ப மூன்று தனி ஏற்பாடுகள் உள்ளன. ஐ.எம்.டி. (இந்திய மோட்டார் காப்பீட்டுக் கட்டண விதித்தொகுப்பு) 28 என்ற மேலொப்பம், சம்பள ஓட்டுநர், நடத்துநர், கிளீனர் ஆகியோருக்கு நிறுவனம் தரவேண்டிய சட்டப்படியான இழப்பீட்டை ஏற்கிறது. ஐ.எம்.டி. 29 அவர்கள் அல்லாத மற்ற ஊழியர்கள் நிறுவனக் காரில் பயணிக்கும்போதும் அதை ஓட்டும்போதும் வரும் பொறுப்பை ஏற்கிறது. கணக்கரும் வரவேற்பாளரும் தேடவேண்டிய எண் இந்த 29தான். இரண்டுக்கும் பழைய கட்டண விகிதம் ஆளுக்கு 50 ரூபாய். மூன்றாவது, பெயர் குறிப்பிடாத பயணிகளுக்கும் ஓட்டுநருக்கும் தனியாக எடுக்கும் தனிநபர் விபத்துக் காப்பீடு.

ஐம்பது ரூபாய் சமாச்சாரம் என்று நானும் ஒருகாலத்தில் இதைக் கவனிக்காமல் விட்டவன்தான். எங்கள் அலுவலக உதவியாளர் ஒருவர், மாலை மங்கும் நேரத்தில் சாலையில் ஏறிய காட்டெருமைக்கு வழிவிட்டு ஒடித்ததில், ஜீப்போடு ஓரக் கால்வாயில் இறங்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டார். எதிர் வண்டி கிடையாது, எதிராளியும் கிடையாது. ஜீப்பின் சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வந்தார்; மணிக்கட்டுக்கு யாரும் வரவில்லை. அட்டவணையைப் புரட்டியபோது 28 மட்டும் இருந்தது, 29 இல்லை. பிளேட் வைத்த செலவை நிறுவனம் கையிலிருந்து கொடுத்தது, அதுவும் மூன்று தவணையில். பிறர் வண்டியை வாங்கி ஓட்டுகிறவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், ஆகவே தானே விளைவித்த விபத்துக்கு அதே வண்டியின் மூன்றாம் நபர் காப்பீட்டில் கேட்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 2009-லும் 2020-லும் தெளிவாகச் சொல்லியிருப்பதை அதற்குப் பிறகுதான் நான் படித்தேன்.

ஊழியர் இழப்பீட்டில் தவறு யாருடையது என்ற கேள்வி பெரும்பாலும் எழாது. வேலையின்போது, வேலை காரணமாக விபத்து நடந்ததா என்பதே கேள்வி. 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்திலிருந்து வந்த கணக்கு முறையில், 40 வயது ஊழியர் இறந்தால் மாதச் சம்பளத்தில் பாதியை 184.17 என்ற காரணியால் பெருக்கவேண்டும். 2020 ஜனவரியில் வந்த 15,000 ரூபாய் உச்சவரம்பை வைத்துப் பார்த்தால் 7,500 × 184.17, அதாவது 13,81,275 ரூபாய். மேலொப்பம் இருந்தால் இதைக் காப்பீட்டு நிறுவனம் கட்டும்; இல்லாவிட்டால் சிறு தொழிற்சாலை ஒன்று தன் கையிலிருந்து கட்டவேண்டிய தொகை இது. மேலாளரிடம் பேசும்போது இந்த எண்ணைச் சொல்லுங்கள். 50 ரூபாய் உடனே கையெழுத்தாகும். இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் பதிவானவர்களுக்கு வேலை விபத்துக்கான பலன் அந்த வழியில் வரும் என்பதால், இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியாது.

உடன் பயணிப்பவர்களுக்கும் பாலிசியின் வகை முக்கியம். நிறுவனக் காரில் சென்ற நிர்வாக இயக்குநரைப் பற்றிய வழக்கில், பேக்கேஜ் பாலிசி காரில் இருப்பவர்களையும் காக்கும், வெறும் சட்டக் கட்டாயப் பாலிசி அப்படிக் காக்காது என்ற வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 2012-இல் எடுத்துக்காட்டியது.

மூன்றாவதாக: அனுமதியும் உரிமமும் எழுத்தில் இருக்கட்டும்

பேக்கேஜ் பாலிசியின் பொறுப்புப் பகுதியில் ஊழியருக்கு மிகவும் சாதகமான ஒரு வரி உண்டு. உரிமையாளரின் உத்தரவின்பேரில் அல்லது அனுமதியோடு ஓட்டுகிற எவரையும், அவர் பாலிசி நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டிருந்தால், உரிமையாளரைப் போலவே காப்பீட்டு நிறுவனம் காக்கும் என்பது அந்த வரி. எனவே விபத்துக்குப் பின் 'அவரை யார் எடுக்கச் சொன்னது' என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டால், அந்த ஒரு கேள்வி உங்கள் பாதுகாப்பையே ஆட்டிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை ஓட்ட அனுமதிக்கும் கடிதமும், ஒவ்வொரு பயணத்துக்கும் பதிவேட்டில் தேதி, நேரம், கிலோமீட்டர், நோக்கம், அனுப்பியவர் கையெழுத்து என ஒரு வரியும் இருந்தால் போதும். அதுவும் வழியில்லாத அவசரத்தில், 'சார், மேட்டுப்பாளையம் கிளம்புறேன், உரம் எடுக்க' என்ற வாட்ஸ்அப் செய்தியும் அதற்கு வரும் 'சரி' என்ற பதிலும் பிற்பாடு பயன்படும். பதிவேட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு: அந்த நேரத்தில் ஓட்டியவர் யார் என்று காவல்துறை கேட்டால் சொல்லவேண்டிய கடமை மோட்டார் வாகனச் சட்டத்தின் 133-ஆம் பிரிவின்படி உரிமையாளருக்கு இருக்கிறது, வேறொருவர் வாங்கிய வேகச் சலான் உங்கள் தலையில் விழாது.

உரிமத்தில் வகையையும் தேதியையும் பாருங்கள். 7,500 கிலோவுக்கு மேற்படாத போக்குவரத்து வாகனத்தை இலகுரக வாகன உரிமத்தோடு ஓட்டலாம் என்ற 2017 தீர்ப்பை, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்தது. ஆகவே மஞ்சள் எண் பலகை கொண்ட வணிகப் பிக்கப்பை ஓட்ட உரிமத்தில் தனிக் குறிப்பு இல்லை என்று உங்களை மறுக்க முடியாது. அதற்கு மேற்பட்ட எடையுள்ள லாரிக்கு இந்தச் சலுகை கிடையாது. உரிமம் இல்லாதவரை ஓட்ட அனுமதிக்கும் உரிமையாளருக்கும் 180-ஆம் பிரிவில் 5,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. உரிமம் செல்லாத வழக்குகளில் காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கும்படி நீதிமன்றங்கள் பலமுறை உத்தரவிட்டிருக்கின்றன. அந்த வசூல் பிறகு யார் பக்கம் திரும்பும் என்று சொல்லத் தேவையில்லை. மது அருந்தியிருந்தால், 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிய உடனே, மேலே சொன்ன பாதுகாப்புகளில் பலவும் கையைவிட்டுப் போகும்.

நான்காவதாக: வண்டியில் என்ன ஏறுகிறது என்று பாருங்கள்

தனியார் கார் பாலிசியில், வாடகைக்கு விடுவதும் சரக்கு ஏற்றுவதும் விலக்கப்பட்டிருக்கும். மாதிரிப் பொருள்களுக்கும் சொந்தச் சாமான்களுக்கும் மட்டும் விதிவிலக்கு உண்டு. குன்னூர் ஏலத்துக்கான தேயிலை மாதிரிகளை நிறுவனக் காரில் கொண்டுபோகலாம். மாதிரிகளுக்குப் பக்கத்தில் நான்கு மூட்டைத் தூளையும் அடுக்கினால் நிலைமை மாறிவிடும். வெள்ளை எண் பலகை கொண்ட தனியார் வேனில் விருந்தினரை அழைத்துவந்து, அறை வாடகைப் பட்டியலில் 'பிக்கப்' என்று ஒரு தொகை சேர்க்கும் விடுதிகள் இதை இருமுறை படிக்கவேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து கொழுந்து வண்டியில் இருக்கிறது. நான்கரை மணிக்கு எடை போட்டு முடிந்ததும், வலைச் சாக்குகளின் மேல் ஐந்தாறு பேர் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். தொழிலாளர் குடியிருப்பான லைன் வீடு வரைக்கும் இரண்டு கிலோமீட்டர், மழை வேறு, வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. ஆனால் சரக்கு வாகனத்தில் கட்டணமின்றி ஏறுபவர்களைக் காப்பீடு ஏற்காது என்று உச்ச நீதிமன்றம் 2003-இல் சொன்னது. சரக்கின் உரிமையாளரும் அவருடைய பிரதிநிதியும் மட்டுமே அதில் சேர்வார்கள். இன்றைய 147-ஆம் பிரிவும் அவ்வாறே இருக்கிறது. வண்டி சரிந்தால் அந்த ஆறு பேரின் இழப்பீடும் உரிமையாளர் மேலும் ஓட்டியவர் மேலும் நேரே வந்து விழும். 'ஏற்றுங்கள்' என்று மேலாளர் சொன்னால், ஆள் ஏற்ற அனுமதியுள்ள வண்டியைக் கேளுங்கள். அதைக் கேட்டதையும் பதிவேட்டில் எழுதிவையுங்கள்.

பிரேக் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோத்தகிரியிலிருந்தோ குன்னூரிலிருந்தோ மேட்டுப்பாளையம் இறங்கும்போது, கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால், சூடேறி மிதி தரையைத் தொடும். குறை தெரிந்தும் வண்டியை ஓட்டுவதும் ஓட்ட வைப்பதும் 190-ஆம் பிரிவில் குற்றம். 'பிரேக் பிடிக்கவில்லை' என்று பின்னால் சொல்வதற்கும், முதல்நாளே பதிவேட்டில் 'பின் பிரேக் சத்தம், ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பவும்' என்று எழுதியிருப்பதற்கும் நீதிமன்றத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. எழுதியபின் சரிசெய்யாத வண்டியை எடுக்கவும் கூடாது.

ஐந்தாவதாக: விபத்து நடந்துவிட்டால்

வண்டியை நிறுத்தி, காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது 134-ஆம் பிரிவின்படி ஓட்டுநரின் முதல் கடமை. 108-ஐ அழையுங்கள். தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையும், 2025 மே மாதம் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் ஏழு நாள்களுக்கு 1.5 லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சையும், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் கைப்பணமின்றிக் கிடைக்கும். ஓட்டியவர் காயம்பட்டிருந்தால் அவருக்கும் கிடைக்கும். கூட்டம் கொந்தளித்தால் அங்கே நிற்கவேண்டியதில்லை என்று சட்டமே விலக்கு தருகிறது. ஆனால் நேரே காவல் நிலையத்துக்குப் போய்விடவேண்டும், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் தகவல் பதிவாக வேண்டும்.

வண்டியை நகர்த்துமுன் படம் எடுங்கள். கொண்டை ஊசி வளைவில் இருபுறமும் வண்டிகள் சேர்ந்துவிடும், ஹாரன் காதைப் பிளக்கும், 'ஓரங்கட்டுப்பா' என்று பத்துப் பேர் கத்துவார்கள். இரண்டு நிமிடம் போதும். டயர் தடம், சாலையின் வெள்ளைக்கோடு, இரு வண்டிகளின் எண், தடுப்புச் சுவர், மூடுபனி இருந்தால் பார்வை எட்டிய தூரம். மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை என்பதால், எந்த வண்டி ஏறியது, எது இறங்கியது என்பது படத்தில் தெரிந்தால் நல்லது.

பிறகு வருவது நம் ஊரின் பழைய பழக்கம்: அங்கேயே பேசி, கையிலிருப்பதைக் கொடுத்து முடித்துக்கொள்வது. பாலிசி நிபந்தனைப்படி, காப்பீட்டு நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான சம்மதமின்றிப் பொறுப்பை ஒப்புக்கொள்வதோ, தொகை தருவதாக வாக்களிப்பதோ கூடாது. 'தப்பு என்னுதுதான்' என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தத் தாள் நாளை விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வந்து நிற்கும். உதவுங்கள், பெயரும் எண்ணும் கொடுங்கள், அதற்குமேல் எழுதவேண்டாம்.

பள்ளத்தில் இறங்கிய வண்டியைத் தூக்கும் செலவு தனிக் கதை. வழக்கமான கார் பாலிசியில் இழுத்துச் செல்ல அனுமதிக்கும் தொகை 1,500 ரூபாய்தான். தேயிலைச் சரிவிலிருந்து கிரேன் வைத்து எடுக்க ஆகும் செலவோடு அதை ஒப்பிடவே முடியாது. மலையில் ஓடும் வண்டிக்குக் கூடுதல் மீட்புச் செலவுக்கான இணைப்பைப் புதுப்பிக்கும்போதே சேர்க்கச் சொல்லுங்கள். நிலச்சரிவும் பாறைச்சரிவும் பேக்கேஜ் பாலிசியில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டுள்ளன. நிலச்சரிவுகளைக் கொண்டுவந்த 2009 நவம்பர் மழையை நினைவில் வைத்திருக்கும் எவரும் இந்த மாவட்டத்தில் வெறும் மூன்றாம் நபர் பாலிசியோடு வண்டியை விடமாட்டார்கள்.

காயமோ உயிரிழப்போ இருந்தால் காகித வேலை நீளும். 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி காவல்துறை 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தரவேண்டும். ஓட்டியவர் படிவம் 3-ஐயும் உரிமையாளர் படிவம் 4-ஐயும் 30 நாள்களுக்குள் நிரப்பிக் கொடுக்கவேண்டும். படிவம் 3-ஐ நீங்களே நிரப்புங்கள். அலுவலகம் நிரப்பித் தந்ததில் கையெழுத்து மட்டும் போடாதீர்கள். இழப்பீட்டு மனுவுக்குச் சட்டம் ஆறு மாதம் தருவதால், சம்மன் உடனே வரவில்லையே என்று மறந்துவிடவும் வேண்டாம். வீட்டுக்கு வரும் எந்த நோட்டீஸையும் அன்றே நகலெடுத்து, நிறுவனத்திடம் கொடுத்து, பெற்றதற்கு முத்திரை வாங்குங்கள். நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று பீரோவில் வைத்தால், நீங்கள் இல்லாமலே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும்.

ஆறாவதாக: சம்பளத்தில் பிடிக்கலாமா?

சேதம் முழுவதையும் காப்பீடு தருவதில்லை. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் டயர், பேட்டரிக்கும் பாதித்தொகை தேய்மானமாகக் கழியும். ஒவ்வொரு கோரிக்கையிலும் உரிமையாளரே ஏற்கவேண்டிய கட்டாயக் கழிவு சிறிய காருக்கு 1,000 ரூபாய், 1,500 சி.சி.க்கு மேற்பட்டதற்கு 2,000 ரூபாய். போதாததற்கு இழப்பு எதுவும் கேட்காத ஆண்டுக்குப் பிரீமியத்தில் தரும் சலுகையான நோ கிளைம் போனஸும் அடுத்த ஆண்டு போகும். இந்த மீதத்தைத்தான் நிறுவனங்கள் ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கப் பார்க்கின்றன.

1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தில் இருந்து இப்போதைய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் தொடரும் விதி தெளிவானது. ஒப்படைக்கப்பட்ட பொருளுக்கு ஏற்பட்ட சேதம் ஊழியரின் அலட்சியத்தால் நேரடியாக விளைந்திருந்தால் மட்டுமே பிடிக்கலாம். விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்பு தரவேண்டும். பிடிப்பது உண்மையான இழப்பைத் தாண்டக்கூடாது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து பொதுவாகச் சம்பளத்தில் பாதியை மீறக்கூடாது. காப்பீட்டில் வந்த தொகையையும் வாங்கிக்கொண்டு ஊழியரிடமும் முழுத்தொகை பிடிப்பது இழப்பைத் தாண்டிய பிடித்தம். ஆகவே சர்வேயர் அறிக்கையும் செட்டில்மென்ட் கடிதமும் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். சாலையில் குறுக்கே வந்த யானைக்காகவோ சரிந்த மண்ணுக்காகவோ நிறுத்திய வண்டியைப் பின்னால் வந்தவர் இடித்திருந்தால், அது உங்கள் அலட்சியம் என்று எழுதப்பட்ட எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம்.

சொந்த பைக்கை அலுவலக வேலைக்கு ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பெட்ரோல் படி வாங்குவதால் அது நிறுவன வண்டி ஆகிவிடாது, பாலிசி உங்களுடையது, போனஸ் இழப்பும் உங்களுடையது. ஆனால் வேலையின்போது படும் காயத்துக்கு நிறுவனத்தின் பொறுப்பு அப்படியே இருக்கிறது. அதனால் அன்றைய பயணம் வேலைக்கானது என்பதற்கு ஒரு வரிப் பதிவு இங்கும் வேண்டும்.

வேலையை விட்டுப் போகும் நாளில் சாவி, ஆர்.சி. நகல், பதிவேடு ஆகியவற்றை ஒப்படைத்து, அன்றைய கிலோமீட்டரோடு ரசீது வாங்குங்கள். நடந்துகொண்டிருக்கும் வழக்கு ஏதாவது இருந்தால் அதன் எண், நீதிமன்றம், நிறுவனத்தின் வழக்கறிஞர் பெயர் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். புதிய முகவரியை நிறுவனத்துக்கு மட்டுமல்லாமல் தீர்ப்பாயத்துக்கும் தெரிவியுங்கள்.